வழிநூலுக்கு வழிநூல்: கோல்டன்ஐ 007 விளையாட்டின் கதை

முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாட்டை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, திரைப்படத்தை வைத்துச் செய்த வீடியோ விளையாட்டை வழிநூல் என்று கொள்ளலாமா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். விளையாட்டு நூலன்று என்று சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டோம். ஆனால் வீடு திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வி நம்மோடு வந்தது. ஏனெனில் வழிநூலுக்குத் தொல்காப்பியர் காட்டும் நால்வகையில் விரித்தல் என்று ஒன்று உண்டு. முன்னோன் சுருங்கச் சொன்னதைப் பின்னோன் விரித்துச் சொல்வது. முன்னோன் முடிபோடு ஒத்துப்போய்க்கொண்டே தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் பின்னோன் சேர்க்கலாம் என்பது நன்னூலார் தரும் உரிமை. இந்த உரிமையை ஒரு விளையாட்டு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

மறுநாள் அந்த மாணவரிடமே, எந்த விளையாட்டை மனத்தில் வைத்துக் கேட்டீர்கள் என்றோம். 'கோல்டன்ஐ 007' என்றார். அவர் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த விளையாட்டு அது. அதன் பிறகு சில மாதங்கள் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் மகனின் கருவியில், அவனுடைய பொறுமையைச் சோதித்தபடி விளையாடியும் பார்த்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் முதல்நூல் எது என்பதே சிக்கல். இயான் ஃபிளெமிங் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1953இல் வெளியிட்ட 'கசினோ ராயல்' நாவலில் ஜேம்ஸ் பாண்ட் பிறந்தான். 1962இல் 'டாக்டர் நோ' திரைப்படமாக வந்ததிலிருந்து நாவலை விடத் திரைப்பட வரிசையே உலகத்துக்கு அவனை அறிமுகம் செய்தது. (நம் ஜெய்சங்கருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்ற பட்டம் வந்ததும் திரையைப் பார்த்துத்தான், நாவலைப் படித்து அன்று.) 'கோல்டன்ஐ' என்பது ஃபிளெமிங் ஜமைக்காவில் கட்டிக்கொண்டு நாவல்களை எழுதிய வீட்டின் பெயர். அப்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய எந்த நாவலையும் சாராத புதுக் கதையோடு, 1995 நவம்பரில் அத்திரைப்படம் வந்தது. இயக்கியவர் மார்ட்டின் கேம்ப்பெல். பாண்டாகப் பியர்ஸ் பிராஸ்னனுக்கு அதுவே முதல் படம். ஆக, படமே ஒரு வகையில் வழிநூல். விளையாட்டு, வழிநூலுக்கு வழிநூல்.

அந்தப் படம் வந்த காலத்தையும் நினைவுகொள்ள வேண்டும். 1989க்குப் பிறகு ஆறாண்டுகள் பாண்ட் படமே வரவில்லை. வழக்குகள் ஒரு புறம். மறு புறம், அந்த இடைவெளியில் பெர்லின் சுவர் இடிந்தது, சோவியத் ஒன்றியமும் 1991இல் இல்லாமல் போயிற்று. பகைவனே மறைந்த பின் ஒற்றனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு அப்படம் சொன்ன விடை சுவையானது. பகைவன் நம் பக்கத்திலிருந்தே வருவான் என்றது. பாண்டின் தோழனாயிருந்த 006, அலெக் டிரெவெல்யன், செத்துப்போனதாகக் கருதப்பட்டவன், ஒன்பதாண்டு கழித்து எதிரியாகத் திரும்பி வருகிறான். உடைந்த லெனின் சிலைகள் குவிந்துகிடக்கும் ஒரு பூங்காவில் இருவரும் சந்திக்கும் காட்சி, இந்த வரிசையில் அரிதாக வரும் உண்மையான வரலாற்றுக் காட்சி என்பது நம் எண்ணம்.

இனி விளையாட்டு. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் டுவைகிராஸ் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு பழைய பண்ணை வீட்டில் ரேர் என்னும் நிறுவனம் இயங்கிவந்தது. ஸ்டாம்பர் சகோதரர்கள் டிம், கிறிஸ் இருவரும் 1980களில் ஸ்பெக்ட்ரம் என்ற எளிய வீட்டுக் கணினிக்கு 'அல்டிமேட்' என்ற பெயரில் விளையாட்டுகள் செய்து புகழ்பெற்றவர்கள். பின்னர் 1985இல் ரேர் நிறுவனத்தைத் தொடங்கினர். 1994இல் நின்டெண்டோவுக்காகச் செய்த 'டாங்கி காங் கன்ட்ரி' பெருவெற்றி பெற்றது. அதே போல், பக்கவாட்டில் ஓடித் தாவும் இருபரிமாண விளையாட்டாகப் பாண்ட் படத்தையும் செய்யலாம் என்பதே முதலில் எழுந்த பேச்சு. மார்ட்டின் ஹோலிஸ் என்ற இளம் நிரலாளர் குறுக்கிட்டு, வரப்போகும் புதிய கருவிக்கு முப்பரிமாணத்தில் செய்யலாம் என்றார். அவருக்கு அதுவரை வேறொரு விளையாட்டில் இரண்டாம் நிரலாளராக இருந்த அனுபவம் மட்டுமே. பொறுப்பு அவரிடமே வந்தது. 1995 தொடக்கத்தில் பணி ஆரம்பமாயிற்று.

குழுவில் மொத்தம் பத்துப் பேருக்குள்தான். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஒரு விளையாட்டைக்கூட உருவாக்கியவர்கள் அல்லர். நிரல் எழுதிய மார்க் எட்மண்ட்ஸ், இடங்களை வடித்த கார்ல் ஹில்டன், டங்கன் போட்வுட், பின்னர் வந்து சேர்ந்த டேவிட் டோக், ஸ்டீவ் எல்லிஸ், இசையமைத்த கிரேம் நார்கேட், கிராண்ட் கிர்க்ஹோப் என்று அந்தப் பெயர்கள் இன்று ஆர்வலர்களுக்கு மனப்பாடம். அறியாமை அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது என்பதை ஹோலிஸே பிற்காலத்தில் தம் உரைகளில் சொல்லியிருக்கிறார். எது முடியாது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. படம் வெளியாகும் நாளில் விளையாட்டும் வர வேண்டும் என்ற நெருக்குதல் அவர்கள்மேல் விழவில்லை. பட வெளியீட்டை ஒட்டி அவசரமாகச் செய்து தள்ளப்பட்ட எத்தனையோ விளையாட்டுகளின் கதி அதற்கு நேரவில்லை. இரண்டரை ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். 1997 ஆகஸ்டில் விளையாட்டு கடைக்கு வந்தபோது படம் திரையரங்குகளை விட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது.

இலண்டனுக்கு வடமேற்கே லீவ்ஸ்டன் என்னுமிடத்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் பழைய விமான எஞ்சின் தொழிற்சாலை ஒன்றைப் படக்குழு அரங்கமாக மாற்றியிருந்தது. (பின்னாளில் ஹாரி பாட்டர் படங்கள் எடுக்கப்பட்டதும் அங்கேதான்.) விளையாட்டுக் குழுவினர் அங்கே பலமுறை போனார்கள். கதாநாயகனைப் பார்க்கப் போகவில்லை. சுவர்களைப் பார்க்கப் போனார்கள். அரங்கங்களின் வரைபடங்களை வாங்கினார்கள், கதவு, குழாய், ஏணி, உடை என ஒன்று விடாமல் ஒளிப்படம் எடுத்தார்கள். படத்தின் காமிரா சட்டென்று கடந்துபோன மூலைகளும் இதனால் அவர்கள் கையில் இருந்தன. திரையில் இரண்டு விநாடி தெரிந்த நடைவழி, விளையாட்டில் நாம் நின்று மூச்சுவிடும் இடமாயிற்று. விரித்தல் என்பது இங்கே தொடங்குகிறது.

இடங்களைக் கட்டிய முறை இன்னும் வியப்பானது. வழக்கமாக ஒரு விளையாட்டின் நிலையை அமைப்பவர், ஆட்டக்காரர் எங்கே தொடங்குவார், எங்கே எதிரி வருவான், எங்கே முடிப்பார் என்று தீர்மானித்துவிட்டுத்தான் சுவர் எழுப்புவார். இங்கே முதலில் கட்டடம் கட்டப்பட்டது. ஒரு வேதியியல் ஆயுதக் கூடம் உண்மையில் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதில் ஆய்வகம், நடைவழி, கழிப்பறை எல்லாம் இருக்கும். பின்னரே, இந்தக் கட்டடத்தில் என்ன நடக்கலாம் என்று யோசித்து எதிரிகளையும் பணிகளையும் வைத்தார்கள். இதனால் சில அறைகளில் ஒன்றுமே இல்லை. சில நடைவழிகள் எங்கும் கொண்டுபோய் விடுவதில்லை. விளையாட்டு இலக்கணப்படி இது குற்றம். ஆனால் அந்த வெற்று அறைகளே அவ்விடத்தை நம்பவைக்கின்றன. நமக்காகவென்றே ஒழுங்குசெய்யப்படாத ஓரிடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டோம் என்ற நடுக்கம் அவற்றால்தான் வருகிறது.

கதையிலும் இதே உரிமையை எடுத்துக்கொண்டார்கள். படத்தில் செவர்னயா என்ற பனிப் பிரதேச ஆய்வு நிலையத்துக்குப் பாண்ட் போவதே இல்லை. அங்கே நடக்கும் கொலைகளிலிருந்து தப்புபவள் நதால்யா என்னும் நிரலாளர் பெண் மட்டும். விளையாட்டிலோ பாண்ட் அங்கே இருமுறை போகிறான், 1991இல் ஒரு முறை, 1995இல் ஒரு முறை. முதல் பயணத்தில் வெளிச்சம் இருக்கிறது. இரண்டாம் பயணத்தில் அதே பனி, அதே குடில்கள், ஆனால் வானம் இருண்டு சிவந்திருக்கிறது, காவல் பெருகியிருக்கிறது. ஏற்கெனவே நடந்த வழியில் மீண்டும் நடக்கும்போது ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று புரிகிறது. யாரும் வசனம் பேசிச் சொல்லவில்லை. படத்தின் தொடக்கத்துக்கும் மையக் கதைக்கும் நடுவே உள்ள ஒன்பதாண்டு இடைவெளியைப் படம் ஓர் எழுத்துத் தலைப்பால் தாண்டிவிடுகிறது. விளையாட்டு அந்த இடைவெளிக்குள் நுழைந்து குடியேறுகிறது. உரையாசிரியர்கள் மூலத்தின் மௌனத்தில் வேலை செய்வார்கள் என்று நாம் வகுப்பில் சொல்வதுண்டு. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. பணி தொடங்கியபோது அவர்கள் எந்தக் கருவிக்காகச் செய்தார்களோ அந்த நின்டெண்டோ 64 உருவாகி முடிந்திருக்கவில்லை. அதன் கைப்பிடி எப்படியிருக்கும் என்பதும் தெரியாது. ஆகவே போட்டி நிறுவனமான சேகாவின் சாட்டர்ன் கைப்பிடி ஒன்றைத் திருத்தி வைத்துக்கொண்டு, விலைமிக்க சிலிக்கன் கிராபிக்ஸ் கணினிகளில் சோதித்துப்பார்த்தார்கள். சேகாவின் 'வெர்ச்சுவா காப்' போல, தண்டவாளத்தில் போகிற மாதிரி காட்சி தானே நகர, நாம் சுட மட்டும் செய்யும் முறையில்தான் முதல் சில மாதங்கள் வேலை நடந்தது. பிறகு தண்டவாளத்தை எடுத்தெறிந்தார்கள். ஆனால் அதன் நினைவு விளையாட்டில் தங்கியிருக்கிறது. எதிரியின் கையில் பட்டால் கையைப் பிடிக்கிறான், காலில் பட்டால் நொண்டுகிறான். இப்படி உடலின் இடத்துக்கேற்ப எதிர்வினை காட்டும் வழக்கம் அங்கிருந்து வந்தது. துப்பாக்கியில் தோட்டா நிரப்ப, கைப்பிடியின் அடியில் செருகியிருக்கும் அதிர்வுப் பெட்டியைக் கழற்றி மாட்ட வேண்டும் என்றுகூட ஒரு யோசனை இருந்தது. நின்டெண்டோ அதை ஏற்கவில்லை. நல்ல வேளை என்றே தோன்றுகிறது. உறவினர் மகனின் கைப்பிடி நம் கையில் அவ்வளவு தாங்கியிருக்காது.

விளையாட்டு அடங்கிய காட்ரிட்ஜின் கொள்ளளவு 12 மெகாபைட். அந்நாளைய போட்டிக் கருவிகளின் குறுந்தகடு 650 மெகாபைட் அளவுக்குக் கொண்டது. கருவியின் நினைவகம் 4 மெகாபைட்தான். சுவர்களுக்கு ஒட்டும் படத்துண்டுகளைக் கையாளும் இடமோ 4 கிலோபைட். வண்ணப் படங்கள் இடத்தை விழுங்கும் என்பதால் பெரும்பாலானவற்றைக் கறுப்பு வெள்ளையிலேயே வைத்து, காட்டும்போது நிறம் ஏற்றினார்கள். அந்தக் கூடங்களின் சாம்பல் பூத்த, துருவேறிய சோவியத் தோற்றம் கலைநோக்கால் வந்ததென்று ஒரு காலத்தில் நினைத்தவர்கள் உண்டு. சிக்கனத்தால் வந்ததும் அதில் பாதி. எதிரிப் படைவீரர்களின் முகங்களுக்கு நடிகர்களைத் தேடவில்லை. குழுவினர் தம் முகங்களையே ஒட்டிவிட்டார்கள். டேவிட் டோக் தம் பெயரை விஞ்ஞானி வேடம் ஒன்றுக்குக் கொடுத்தார். வேதியியல் கூடத்தில் பாண்டுக்குக் கதவு திறக்கும் கருவியைத் தரும் இரட்டை ஒற்றர் அவர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்பார். அவரைத் தேடி நாம் அலைந்த அலைச்சலை இங்கே எழுதினால் மாணவர்கள் நம்மை மதிக்க மாட்டார்கள்.

இவ்விளையாட்டில் சுடுவதற்கு விலை உண்டு. நம் துப்பாக்கியின் ஓசை எட்டும் தொலைவில் உள்ள காவலர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், ஓடிவருகிறார்கள். ஓசையடக்கி பூட்டிய துப்பாக்கியால் ஒரே குண்டில் முடித்தால் பக்கத்து அறைக்காரன் தன் போக்கில் நிற்கிறான். 1993இல் வந்த 'டூம்' முதலாக இவ்வகை விளையாட்டுகளில் எதிர்ப்பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளுவதே அறமாக இருந்தது. இங்கே ஆய்வுக்கூட விஞ்ஞானிகளைக் கொல்லக் கூடாது, கொன்றால் பணி தோல்வி. நதால்யா கணினி முன் அமர்ந்து வேலை செய்யும்போது அவளைக் காக்க வேண்டும், அவள் இறந்தால் எல்லாம் போயிற்று. கடினத்தை ஏற்றினால் எதிரிகள் வலுப்பது மட்டுமல்லாமல் செய்ய வேண்டிய பணிகளும் கூடுகின்றன. அதே கட்டடத்தில் அதுவரை தேவைப்படாத அறைக்குப் போக வேண்டியிருக்கிறது. 'சூப்பர் மாரியோ 64' ஒரே உலகத்தில் பல குறிக்கோள்களை வைத்த முறையிலிருந்து இதைக் கற்றதாக ஹோலிஸ் கூறியிருக்கிறார். மொத்தம் 18 பணிகள். முடித்தவர்க்குப் பழைய பாண்ட் படங்களை நினைவூட்டும் இரண்டு மறைவுப் பணிகளும் உண்டு.

எனினும் கொலை கொலைதான். இதில் நமக்கு ஒரு மனத்தடை தொடக்கத்திலிருந்தே இருந்தது. அந்தத் தடை நமக்கு முன்பே வேறொருவருக்கு இருந்தது என்று அறிந்தபோது வியந்தோம். மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ, பணி முடியும் தறுவாயில் ரேர் குழுவுக்கு ஒரு தொலைநகல் அனுப்பினார். மிக அருகில் வைத்துக் கொல்லும் காட்சிகள் அளவுக்கு மீறியிருக்கின்றன, துயரமாயிருக்கிறது என்பது அதன் சாரம். முடிவில், ஆட்டக்காரர் மருத்துவமனைக்குப் போய், தாம் சுட்ட எதிரிகள் ஒவ்வொருவரோடும் கைகுலுக்கினால் நன்றாயிருக்கும் என்றும் அவர் யோசனை சொன்னாராம். 2015இல் ஹோலிஸ் இதைப் பொதுமேடையில் சொன்னபோது உலகம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. போர்க்களத்தைப் பாடிய புறத்திணைப் புலவர்கள் வாகையைப் பாடியதோடு நிற்காமல் கையறுநிலையையும் பாடினார்கள். வென்றவன் தோற்றவனைத் திரும்பிப் பார்க்கும் ஒரு கணத்தைத்தான் மியாமோட்டோவும் கேட்டிருக்கிறார்.

மருத்துவமனைக் காட்சி வரவில்லை. ஆனால் ஹோலிஸ் இரத்தத்தைக் குறைத்தார். தொடக்க வடிவில் அது பீறிட்டு அடித்ததாம். மேலும், திரைப்படத்தில் நடிகர் பட்டியல் ஓடுவதுபோல் எல்லாப் பாத்திரங்களையும் வரிசையாக அறிமுகம் செய்யும் பகுதி ஒன்றைச் சேர்த்தார். இவர்கள் நடிக்கிறார்கள், இது நாடகம் என்று ஆட்டக்காரருக்குச் சொல்லுவதற்காக. கூத்து முடிந்ததும் வேடம் கலைத்து வந்து அவையை வணங்குவதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று இவ்விளையாட்டின் பெயரைச் சொன்னால் 1990களில் மேற்கில் வளர்ந்தவர்கள் முதலில் நினைப்பது இவை எதையுமன்று. ஒரே தொலைக்காட்சித் திரையை நான்காகப் பிரித்து நான்கு நண்பர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒருவரையொருவர் வேட்டையாடிய இரவுகளைத்தான். அந்தப் பகுதி திட்டத்திலேயே இல்லை! 1997இல், வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், ஸ்டீவ் எல்லிஸ் மேலிடத்தின் அனுமதியை எதிர்பாராமல் அதைச் செய்யத் தொடங்கினார். இயங்கத் தொடங்கிய பிறகு யாராலும் அதை நீக்கச் சொல்ல முடியவில்லை. குள்ளமான ஆட்ஜாப் பாத்திரத்தை எடுப்பவன் ஏமாற்றுக்காரன் என்று வீட்டுக்கு வீடு தாமாகச் சட்டம் இயற்றிக்கொண்டார்கள். அடுத்தவன் கால்பகுதித் திரையை ஓரக்கண்ணால் பார்ப்பது குற்றமா இல்லையா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. அந்நாளில் நம் ஊர்களில் 'டிவி கேம்' என்று விற்ற நகல் கருவிகளில் மாரியோவையும் 'கான்ட்ரா'வையும் கண்டவர்கள் உண்டு. நின்டெண்டோ 64 பெரும்பாலும் எட்டிப்பார்க்கவில்லை. ஆகவே இந்த ஏக்கம் நமக்கு இரவல் ஏக்கம்தான்.

விற்பனை 80 இலட்சத்தைத் தாண்டியது. அந்தக் கருவிக்கு வந்தவற்றில் இரண்டு மாரியோ விளையாட்டுகள் மட்டுமே அதைவிட அதிகம் விற்றன. விசைப்பலகையும் எலியும் இல்லாமல் இவ்வகை விளையாட்டு நடக்காது என்ற எண்ணம் உடைந்தது. முதன்முதலில் உடைத்தது இதுதான் என்று எழுதுவோர் உண்டு. அது மிகை. அதே ஆண்டில் சற்று முன்னரே 'டூராக்' வந்துவிட்டது. முதன்மை என்பதைவிட, உடைத்தது என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தது இது என்பதே சரி.

வெற்றிக்குப் பிறகு நடந்தது வருத்தத்துக்குரியது. பாண்ட் விளையாட்டு உரிமை 1998இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போயிற்று. ஹோலிஸ் அதே ஆண்டு ரேரை விட்டு விலகினார். டோக், எல்லிஸ், ஹில்டன் முதலியோர் 1999இல் ஃப்ரீ ராடிகல் என்று தனி நிறுவனம் கண்டனர். எஞ்சியவர்கள், பாண்ட் இல்லாமல், ஜோவான்னா டார்க் என்ற பெண் ஒற்றரை வைத்து 2000இல் 'பர்ஃபெக்ட் டார்க்' விளையாட்டை முடித்தார்கள். 2002இல் மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலருக்கு ரேரை வாங்கியது. இப்போது நிலைமையைப் பாருங்கள். நிரலை எழுதிய நிறுவனம் மைக்ரோசாஃப்டிடம். வெளியிட்டது அதன் போட்டியாளரான நின்டெண்டோ. பாத்திரங்கள் பாண்ட் பட உரிமையாளர்களிடம். விளையாட்டாக்கும் உரிமை மூன்றாம் நிறுவனத்திடம். 2007 அளவில் ரேர் புதிய படங்களோடு ஒரு மறுபதிப்பை ஏறத்தாழ முடித்தே வைத்திருந்தது. அனைவரும் ஒப்புக்கொள்ளாததால் அது வெளிவரவில்லை. 2010இல் அதே பெயரில், டேனியல் கிரெய்க் முகத்தோடு வந்தது வேறொரு நிறுவனம் புதிதாகச் செய்தது, பழையதன் பதிப்பன்று. முடங்கிய மறுபதிப்பு 2021இல் இணையத்தில் கசிந்தது. முறைப்படி பழைய விளையாட்டு மீண்டும் கிடைத்தது 2023 ஜனவரி 27 அன்று, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் இரண்டின் கருவிகளிலும் ஒரே நாளில். 25 ஆண்டுகளுக்கு மேல் பழைய காட்ரிட்ஜ் வைத்திருந்தவர் தவிர மற்றவர் நேர்வழியில் விளையாட முடியாதிருந்தது. சுவடியைக் கொடுக்க மறுத்த வீட்டாரைப் பற்றி உ.வே.சா. எழுதியதைப் படித்த நமக்கு இது புதிதன்று. ஆனால் அங்கே சுவடியின் அருமை தெரியாமல் மறுத்தார்கள். இங்கே அருமை தெரிந்ததாலேயே ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள்.

சுவடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2012இல் ஆர்வலர்கள் அந்தக் காட்ரிட்ஜின் நிரலைத் துருவியபோது, உள்ளே ஒரு முழு ஸ்பெக்ட்ரம் கணினியே மென்பொருளாக ஒளிந்திருக்கக் கண்டார்கள். அதில் ஸ்டாம்பர் சகோதரர்கள் இளமையில் செய்த பழைய விளையாட்டுகள் பத்து. சோதனைக்காகச் செய்து பார்த்து, வெளியீட்டுக்கு முன் அணைத்துவைத்து, அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். பழைய ஏட்டின் அட்டைக்குள் வேறொரு நூலின் ஏடுகள் கிடைப்பதுபோல். அணைக்கட்டுப் பணியிலும் இப்படி ஓர் எச்சம் உண்டு. தொலைநோக்கித் துப்பாக்கியால் நீருக்கு அப்பால் பார்த்தால் ஒரு தீவும் அதன்மேல் கட்டடமும் தெரியும். போக வழியில்லை. எத்தனையோ சிறுவர்கள் அங்கே போக வழியிருக்கிறது என்று நம்பி ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். கைவிடப்பட்ட திட்டமொன்றின் மிச்சம் அது.

அதே அணைக்கட்டை எவ்வளவு விரைவில் கடக்கலாம் என்பதில் ஒரு கூட்டம் 1990களின் இறுதியிலிருந்தே கணக்கு வைத்துவருகிறது. எளிய நிலையில் 53 விநாடி என்ற அளவை 2002இல் ஒருவர் தொட்டார். அந்த ஒரு விநாடியைக் குறைக்க 15 ஆண்டு ஆயிற்று, 2017 டிசம்பரில் 52 ஆனது. அவர்கள் ஓடும் காட்சிகளைப் பார்த்தோம். பெரும்பாலும் தரையைப் பார்த்தபடி ஓடுகிறார்கள். தொலைவுக் காட்சி கண்ணில் பட்டால் கருவி அதை வரைய நேரம் எடுத்து வேகம் குறைகிறதாம். அந்த இடத்தை உலகிலேயே நன்கு அறிந்தவர்கள் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

படத்தில் சோவியத் அணையாக வருவது உண்மையில் சுவிட்சர்லாந்தின் டிசினோ மாநிலத்தில் வெர்சாஸ்கா ஆற்றின் குறுக்கே உள்ள 220 மீட்டர் உயர அணை. அது இன்றும் நிற்கிறது, பணம் கட்டிக் கயிற்றில் குதிப்போரும் உண்டு. கடைசிச் சண்டை நடக்கும், கியூபாவில் இருப்பதாகக் காட்டப்படும் மாபெரும் அலைவாங்கி, போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி. 1963 முதல் விண்ணைக் கேட்டுக்கொண்டிருந்த, 305 மீட்டர் அகலக் கிண்ணம். விளையாட்டின் 18ஆம் பணியில் அதற்கு மேலே தொங்கும் மேடையில்தான் டிரெவெல்யனைத் துரத்த வேண்டும். குறுகிய பாலங்கள், கீழே வெறும் ஆழம். நாம் அந்தப் பணியை முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. 2020 டிசம்பர் 1 அன்று காலை, கம்பிவடங்கள் அறுந்து, 900 டன் எடையுள்ள அந்த மேடை கிண்ணத்தின்மேல் விழுந்து நொறுங்கியது. விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் உறவினர் மகனிடம் இதைச் சொன்னோம். அப்படியா என்று கேட்டுவிட்டு, கருவியை மறுபடி எடுத்து அந்தப் பணியைத் திறந்து, யாரையும் சுடாமல் மேடையைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.